பத்துக்குப் பத்து

செல்விக்குக் காது கேட்காது என்ற செய்தி மஞ்சக்குட்டை மலைக்கிராமம் முழுவதும் பரவி, கடைசியாகத்தான் செல்வியிடம் வந்து சேர்ந்தது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அவள் அன்று பள்ளி விட்டதும் நேரே வீட்டுக்கு வராமல் வழியில் ஒரு கொய்யா மரத்தில் ஏறிவிட்டாள். அவள் இறங்கி வருவதற்குள் தலைமை ஆசிரியர் சூசைமாணிக்கம் அவள் வீட்டு வாசலில் குடையை மடக்கிவிட்டு, கையில் ஒரு பச்சைச் சீட்டுடன் நின்றுகொண்டிருந்தார்.

அது 1987-ம் வருஷத்து ஐப்பசி. இரண்டு நாள் முன்பு பள்ளியில் காது சோதனை முகாம் நடந்திருந்தது. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ஓர் இளைஞர், பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எதிரே ஆறடி தள்ளி நிறுத்தி, மெல்லிய குரலில் பத்துச் சொற்களைச் சொன்னார். கேட்ட சொல்லைப் பிள்ளை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் ஒரு மதிப்பெண். செல்வி வாங்கியது பத்துக்கு நான்கு. இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவள் தங்கை சின்னத்தாயி வாங்கியது பத்துக்குப் பத்து. பள்ளியிலேயே முழு மதிப்பெண் அவளுக்கு மட்டும்தான்.

ஆசிரியர் சீட்டை வாசித்தார். இரண்டு காதிலும் குறை இருக்கலாம், சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், குறை உறுதியானால் விடுதியோடு சேர்ந்த காது கேளாதோர் பள்ளிக்கு அனுப்பப் பரிந்துரைக்கப்படும் என்று இருந்தது.

பிள்ளைகளின் தாய் ஆராயி ‘விடுதி’ என்ற சொல்லிலேயே நின்றுவிட்டாள். ராகி புடைத்துக்கொண்டிருந்த முறம் கையிலேயே இருந்தது.

“ஆஸ்டல் எங்கீங்க இருக்குது?”

“கீழதான்மா. திருச்சிப் பக்கமா இருக்கும். வருசத்துல ரெண்டு தடவை லீவுக்கு வருவாங்க.”

ஆராயியின் புருஷன் பொன்னுவேல் இதை நம்பவில்லை. வீட்டுக்குப் பின்னால் நின்று கடலை மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தால்கூட வாசலிலிருந்து ஓடி வருகிறவளுக்கு எப்படிக் காது கேட்காமல் போகும் என்று கேட்டார். ஆனால் ஆராயியிடம் வேறு சாட்சி இருந்தது. தண்ணீர் எடுத்துவரச் சொல்லிச் செல்வியை மூன்று தரம் கூப்பிட வேண்டும். கோழியை அடைக்கச் சொன்னால் நான்கு தரம். ‘சொல்றது காதுல உழுகுதா இல்லியா’ என்று அவள் திட்டாத நாளே கிடையாது. இத்தனை வருஷமும் அதை அடம் என்று நினைத்துத் திட்டினோமே என்று இப்போது அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

சின்னத்தாயியோ சொல்லுக்கு அடங்கிய பிள்ளை. யார் பேசினாலும் அவர் முகத்தையே பார்த்துக் கேட்பாள். ஊரில் எல்லோரும் அதைச் சொல்லிப் பாராட்டுவார்கள். அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டே திரிவாள். அக்கா போகும் இடத்துக்குப் போவாள், அக்கா செய்வதைச் செய்வாள். சளி மட்டும் எந்நாளும் விடாது. வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். ஈ புகுந்துவிடும் என்று பொன்னுவேல் கேலி செய்வார்.

செல்விக்கு முதல் நான்கு நாள் கொண்டாட்டமாக இருந்தது. எது கேட்டாலும் கேட்காத மாதிரி இருந்துவிடலாம், யாரும் திட்ட மாட்டார்கள். பள்ளியில் பிள்ளைகள் ‘டமாரம்’ என்று கூப்பிட்டபோதுகூட, கேட்காதவள் போலவே நடந்து போனாள். ஐந்தாம் நாள்தான் விடுதி என்ற பேச்சு அவள் காதில் விழுந்தது. அன்றிலிருந்து, தனக்கு நன்றாகக் கேட்கிறது என்று அழுது பார்த்தாள். நான்கு நாளும் ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு யார் நம்புவார்கள்? வீட்டில் எல்லோரும் அவளிடம் கத்திக் கத்தியே பேசினார்கள். காப்பித் தோட்டத்துக்குக் கேட்கும்படி ‘சோறு திங்க வா’ என்று ஆராயி கூப்பிட்டாள்.

கார்த்திகை பிறந்ததும் ஒரு திங்கட்கிழமை ஆராயி புறப்பட்டாள். காப்பிப் பழம் பறிக்கிற நேரம் என்பதால் பொன்னுவேலால் வர முடியவில்லை. அக்கா இல்லாமல் சின்னத்தாயி வீட்டில் இருக்க மாட்டாள். அவளையும் கூட்டிக்கொண்டு, ஏற்காடு வரை ஜீப்பிலும் அங்கிருந்து பஸ்ஸிலுமாக இறங்கினார்கள்.

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பத் திரும்ப, ஆராயி எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். பாதி மலை இறங்கியிருக்கும்போது செல்வி காதைக் குடைந்தாள்.

“காது அடைக்குது” என்றாள்.

சின்னத்தாயி அக்காவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, என்ன என்று கேட்டாள். செல்வி வழக்கம்போல அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து சொன்னாள்.

“காது அடைக்குது. சத்தமெல்லாம் தூரமாப் போயிருது. பானைக்குள்ள தலைய உட்ட மாதிரி இருக்குது. உனக்கு அப்படி இல்லியா?”

சின்னத்தாயி கொஞ்சம் யோசித்தாள்.

“அது எப்பவும் அப்படித்தான இருக்கும்?” என்றாள்.

செல்வி சிரித்தாள். ஆராயி கண்ணைத் திறக்காமலே இரண்டு பேரையும் சும்மா இருக்கச் சொன்னாள். குமட்டல் அவளுக்கு. பிள்ளைகள் பேச்சு காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

ஆஸ்பத்திரியில் காது சோதிக்கும் அறை, அறைக்குள் ஓர் அறையாக இருந்தது. சுவர் முழுக்கத் துணி போர்த்தி, கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் ஒன்றும் வராது. அங்கே வேலை பார்த்த மீனாட்சிக்கு ஊர் ஓமலூர். செல்வியின் தலையில் பெரிய கருவி ஒன்றை மாட்டி, சத்தம் எவ்வளவு சின்னதாகக் கேட்டாலும் கையைத் தூக்க வேண்டும் என்று சொன்னாள். ஆராயி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். செல்வியின் கை ஏறியது, இறங்கியது, ஏறியது. விடுதிக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்ற வெறியில் அந்தப் பிள்ளை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டது.

வெளியே வந்த மீனாட்சி, “உங்க புள்ளைக்குப் பாம்புச் செவிங்க” என்றாள். “யாரு இவளுக்குக் கேக்காதுன்னு சொன்னது?”

ஆராயி மடியிலிருந்து பச்சைச் சீட்டை எடுத்து நீட்டினாள். அதன் பின்பக்கத்தில் முகாம்காரர் தான் சொன்ன சொல்லையும் பிள்ளை சொன்ன பதிலையும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். மீனாட்சி அதை மேலிருந்து கீழே படித்தாள். வீடு என்பதற்கு ஊடு. விறகு என்பதற்கு வெறகு. இலை என்பதற்கு எல. கிணறு என்பதற்கு கெணறு. மழைக்கு மள. வெயிலுக்கு வெய்யி. ஆறுக்கும் நேரே சிவப்பு மையில் பெருக்கல் குறி. மீனாட்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“ஏனுங்க, நீங்க வீட்டை என்னன்னு சொல்லுவீங்க?”

ஆராயிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

“ஊட்டை ஊடுன்னுதான சொல்லோணும்?”

“அதேதாங்க. அந்தத் தம்பி வேற ஊராட்ட இருக்குது. தான் சொன்னதை அப்படியே சொன்னாத்தான் மார்க்குன்னு நெனச்சிருக்காரு. இவ காதுல கேட்டு, உங்க ஊட்டுப் பேச்சுல திருப்பிச் சொல்லியிருக்கா. கேக்காத புள்ளைக்கு இது வராதுங்க.”

காது டாக்டரம்மா வந்து கருவியின் கோடுகளைப் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை, பிள்ளை தன் ஊரிலேயே படிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆராயி அந்தக் காகிதத்தை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் செல்வியின் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

“அப்பறம் எதுக்குடி மூணு தரம் கூப்புட்டாலும் வரமாட்டீங்கற?”

செல்வி தலையைத் தடவிக்கொண்டு, கேட்காதவள் மாதிரி வேறு பக்கம் பார்த்தாள். ஆராயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதமாகச் சரியாகச் சோறு இறங்காதவளுக்கு அப்போதுதான் பசித்தது. மூன்று பேரும் பஸ் நிலையத்து வாசலில் பன் வாங்கி டீயில் நனைத்துத் தின்றார்கள்.

ஏற்காட்டுப் பஸ் நின்றிருந்தது. ஆராயி படியில் ஒரு காலை வைத்துவிட்டுப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். செல்வி பன்னில் மீந்த துண்டைத் தின்றுகொண்டே வந்தாள். இரண்டடி பின்னால் சின்னத்தாயி. அவளுக்குப் பின்னால் இன்னொரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே பின்வாங்கி வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் விலகினார்கள். சின்னத்தாயி மட்டும் தரையைப் பார்த்தபடி நடந்தாள். செல்வி வாயிலிருந்த பன்னை மென்றுகொண்டே பின்னால் கையை நீட்டி, தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தாள். பதறவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தினமும் செய்கிற வேலைபோல இழுத்துவிட்டு அடுத்த கடி கடித்தாள்.

ஆராயி அதைப் பார்த்தாள்.

அதற்குமுன் பார்த்ததெல்லாம் பின்னாலேயே நினைவுக்கு வந்தது. அக்காவின் தாடையைப் பிடித்துத் திருப்பும் சின்னக் கை. யார் பேசினாலும் அவர் வாயையே பார்க்கும் கண். பஸ்ஸில், குமட்டலுக்கு நடுவே கேட்ட அந்த வார்த்தை. அது எப்பவும் அப்படித்தான இருக்கும்.

“ஏறுங்கம்மா, ஏறுனா ஏறுங்க, இல்லாட்டி எறங்குங்க” என்றார் கண்டக்டர்.

ஆராயியின் ஒரு கால் படியிலும் மற்றது தரையிலுமாக இருந்தன. ஏறிவிட்டால் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள். ஒருத்திக்கு டாக்டரம்மா கையெழுத்து இருக்கிறது. இன்னொருத்திக்குப் பத்துக்குப் பத்து இருக்கிறது. எந்தச் சீட்டும் சின்னத்தாயியைக் கூப்பிடவில்லை. திரும்பிப் போனால்தான் கூப்பிடும். விடுதியைத் தவிர்த்துவிட்டு வந்த கையோடு, அதே வாசலுக்கு இன்னொரு பிள்ளையைத் தானே கொண்டுபோய் நிறுத்த வேண்டுமா? ஏழு வயசு. அக்கா இல்லாமல் தூங்க மாட்டாள்.

அந்தப் பஸ் சின்னத்தாயி நடந்து வந்த இடத்தைத் தாண்டிப் பின்வாங்கிப் போய் நின்றது. செல்வி இல்லாத ஒரு நாளில் அது எங்கே போய் நின்றிருக்கும் என்று ஆராயி நினைத்தாள். காலைப் படியிலிருந்து எடுத்தாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனபோது மீனாட்சி அறையைப் பூட்டிக்கொண்டிருந்தாள். இன்றைய டோக்கன் முடிந்துவிட்டது, நாளைக்கு வரச் சொன்னாள். ஆராயி நகரவில்லை.

“சீட்டு மாறிப் போச்சுங்க” என்றாள். “இவளுக்கு வர வேண்டியது அவளுக்கு வந்துருச்சு. இவளைப் பாருங்க.”

மீனாட்சி சின்னத்தாயியின் மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டு, முழு மார்க் வாங்கிய பிள்ளைக்கு என்ன சோதனை என்றாள்.

“செவுத்தைப் பாக்க உக்கார வெச்சுக் கேளுங்க கண்ணு. ஒரே ஒரு வாட்டி.”

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, மீனாட்சி பூட்டைத் திறந்தாள். சின்னத்தாயியைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்து, பின்னால் நின்று ‘வீடு’ என்றாள். பதில் இல்லை. ‘இலை’ என்றாள். பிள்ளை சுவரில் இருந்த ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. மீனாட்சி முன்னால் வந்து குனிந்து, அதே குரலில் ‘வீடு’ என்றாள்.

“வீடு” என்றாள் சின்னத்தாயி, பளிச்சென்று.

ஊடு என்று சொல்லவில்லை. மலையில் யாரும் சொல்லாத மாதிரி, மேல்பல் கீழ் உதட்டில் பட, எதிரே இருந்த வாயை அப்படியே எடுத்துச் சொன்னாள். மீனாட்சி நிமிர்ந்து ஆராயியைப் பார்த்தாள். இந்தத் தரம் அவள் சிரிக்கவில்லை. ஓடிப்போய் டாக்டரம்மாவை அழைத்து வந்தாள்.

கருவி மாட்டியபோது சின்னத்தாயியின் கை பெரிய சத்தங்களுக்கு மட்டும்தான் ஏறியது. நடுவில் நெடுநேரம் மடியிலேயே கிடந்தது. டாக்டரம்மா நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு இரண்டு காதையும் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், வாயைத் திறந்து தூங்குவாளா என்று கேட்டார். ஆராயி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கேட்க அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

“ஆஸ்டல்ல சேக்கோணுங்களா?”

டாக்டரம்மா விளக்கைக் கழற்றினார்.

“எதுக்கு? இவ காது கெட்டுப் போகல. மூக்குக்குப் பின்னாடி சதை வளர்ந்து, காதுக்குக் காத்துப் போற வழிய அடைச்சிருக்கு. காது ஜவ்வுக்குப் பின்னால நீர் கட்டியிருக்கு. அதனால முக்காவாசி சத்தம் உள்ள போகல. மீதியை வாயைப் பாத்துச் சமாளிச்சிருக்கா, கெட்டிக்காரி.”

ஆராயி மெல்லக் கேட்டாள்.

“மலை எறங்கறப்ப அடைக்குதுங்களே, அந்த மாதிரிங்களா?”

“அதே மாதிரிதான். உங்களுக்கு அடிவாரம் வந்தா விட்டுடும். இவ வருஷக்கணக்கா மலை இறங்கிக்கிட்டே இருக்கா, அவ்வளவுதான். சின்ன ஆபரேஷன் பண்ணுவோம். சதையை எடுத்துட்டு, நீரையும் எடுத்துட்டா சரியாப் போயிடும். இன்னும் நாலஞ்சு வருஷம் விட்டிருந்தீங்கன்னா பேச்சும் படிப்பும் போயிருக்கும்.”

ஆராயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மீனாட்சி தண்ணீர் கொண்டுவந்தாள். செல்வி தங்கையின் முகத்துக்கு நேரே குனிந்து, டாக்டரம்மா சொன்னதை எல்லாம் அவளுக்குச் சொன்னாள். சின்னத்தாயி கேட்டுவிட்டு, மற்றவர்களுக்கெல்லாம் பானை இல்லையா என்று மட்டும் கேட்டாள்.

இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை என்று செல்வியை அன்று யாரும் அதட்டவில்லை. அவள் மறைக்கவும் இல்லை. தங்கை என்றால் முகத்துக்கு நேராகப் பேச வேண்டும், ஹாரன் அடித்தால் இழுக்க வேண்டும் என்றே அவள் நினைத்திருந்தாள். எல்லா வீட்டிலும் தங்கைகள் அப்படித்தான் என்று அவள் எண்ணம்.

மார்கழி முதல் வாரம் ஆபரேஷன் நடந்தது. காப்பிப் பழத்தை மரத்திலேயே விட்டுவிட்டுப் பொன்னுவேல் வந்து நான்கு நாள் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்த முதல் வாரம் சின்னத்தாயி எல்லாவற்றுக்கும் முகம் சுளித்தாள். தகரக் கூரையில் மழை விழுந்தால் காதைப் பொத்தினாள். சேவல் கூவினால் சண்டைக்குப் போனாள். செல்வியிடம் கத்திப் பேசிப் பழகிய வாய் ஆராயிக்கு இன்னும் அடங்கவில்லை. ஒருநாள் அவள் வழக்கம்போலச் சோறு திங்கக் கூப்பிட, “ஏம்மா இப்படிக் கத்தற?” என்று கேட்டாள் சின்னத்தாயி. அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த பொன்னுவேல் சிரித்த சிரிப்பில் தட்டு கவிழ்ந்தது.

சூசைமாணிக்கம் முகாம் அலுவலகத்துக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். ஏற்காட்டு மலைப் பிள்ளைகளைச் சோதிக்கும்போது ஊடு என்றால் சரி, வெறகு என்றால் சரி, பிள்ளையின் முதுகுப் பக்கம் நின்றுதான் சொல்ல வேண்டும் என்று எழுதினார். பச்சைச் சீட்டு வாங்கிய மற்ற ஏழு பிள்ளைகளின் பெயரையும் சேர்த்திருந்தார். தை மாதம் அந்தக் கன்னியாகுமரி இளைஞரே திரும்பி வந்து, எல்லாப் பிள்ளைகளையும் கரும்பலகையைப் பார்க்க நிற்கவைத்து மறுபடி சோதித்தார். இந்தத் தரம் ஊடு என்று அவரே சொல்லிப் பார்த்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதே தை மாதம் ஆராயி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மறு பரிசோதனைக்குப் போனாள். டாக்டரம்மா நெற்றி விளக்கில் பார்த்துவிட்டு, ஜவ்வு நன்றாக இருக்கிறது, சளி பிடித்தால் மட்டும் விட்டுவிடாமல் காட்ட வேண்டும் என்றார். மீனாட்சி பின்னால் நின்று ‘வீடு’ என்றாள்.

“ஊடு” என்றாள் சின்னத்தாயி, திரும்பாமலே.

மாலைப் பஸ்ஸில் மூவரும் திரும்பினார்கள். அடிவாரம் தாண்டி வண்டி ஏறத் தொடங்கியது. ஆராயி எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கில் வைத்தாள். வளைவுகள் ஒவ்வொன்றாகப் போயின. பத்தாவது வளைவோ பதினோராவது வளைவோ, சின்னத்தாயி திடீரென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். முகம் கோணியது.

“அம்மா, காது அடைக்குது.”

ஆராயியின் கையிலிருந்த எலுமிச்சம்பழம் மடியில் விழுந்து உருண்டது.

“எச்சிலை முழுங்குடி” என்றாள் செல்வி ஜன்னலைப் பார்த்தபடி.

சின்னத்தாயி விழுங்கினாள். கண்ணை அகல விரித்து, தலையை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.

“உட்டுருச்சு” என்றாள்.

ஆராயி அவளை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“இப்ப என்ன சாமி சொன்ன? இன்னொருக்கா சொல்லு.”

சின்னத்தாயி அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே போகும் மரங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ஏம்மா, உனக்குக் காது கேக்கலியா?”